கையில் வரைந்த வாட்ச்சில் மணி என்ன?

கேள்வி: தக்கலையிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. டிராயிங் நோட்டு, கிரயான்ஸ், சிலேட்டு எல்லாம் வீட்டில் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு அக்காவின் பேனாவை எடுத்துக் கையிலும் முட்டியிலும் பூ, வாட்ச் என்று வரைந்துகொண்டே இருக்கிறாள். அடித்தும் பார்த்தாயிற்று, நிற்கவில்லை. மை ரத்தத்தில் கலந்துவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். இது ஏதாவது மனப் பிரச்சினையா?

பதில்:

முதலில் வெப்ராளத்தை இறக்கி வையுங்கள். ஏழு வயதுப் பிள்ளை தன் கையில் பூவும் வாட்ச்சும் வரைவது மனநோயின் அறிகுறி கிடையாது. மையும் ரத்தத்தில் கலக்காது. உங்கள் கேள்விக்கு இவ்வளவு போதும். ஆனால் அவள் ஏன் நோட்டை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தாள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். மார்த்தாண்டம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். கை நிறைய மையோடு அழைத்து வரப்பட்ட பிள்ளைகளை எத்தனையோ பார்த்தாயிற்று.

உங்கள் மகளின் உடம்பில் முதன்முதலில் வரைந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்களாகத்தான் இருக்கும், இல்லையென்றால் அவளுடைய அம்மச்சி. கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று திருஷ்டிப் பொட்டு. அப்புறம் போலியோ சொட்டு மருந்துக்குக் கொண்டுபோனால் இடது சுண்டுவிரலில் மார்க்கர் கோடு. பெருநாளுக்கு முந்தின ராத்திரி மயிலாஞ்சி என்கிற மருதாணி, கோயிலுக்குப் போனால் சந்தனம், சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவை. நம் ஜில்லாவில் எந்த வீட்டில் பிறந்தாலும் ஏதோ ஒன்று உண்டு. எல்.கே.ஜி.யில் டீச்சர் புறங்கையில் ஒரு ஸ்டார் போட்டு அனுப்புவார், அதை அழியாமல் காப்பாற்ற அந்தப் பிள்ளை ஒற்றைக் கையால் குளிக்கும். ஆக, ஏழு வருடமாகப் பெரியவர்கள் எல்லோரும் அவள் தோலில் குறி போட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறோம். இப்போது பேனா அவள் கைக்கு வந்திருக்கிறது. அதைத்தான் நாம் சேட்டை என்கிறோம்.

தோலில் ஒரு குறி விழுவதற்கும் ‘நான்’ என்ற நினைப்புக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 1972-ல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர் மூன்று மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சிவப்புச் சாயத்தைத் தொட்டு வைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் விட்டார். சின்னக் குழந்தைகள் கண்ணாடிக்குள் இன்னொரு பாப்பா இருப்பதாக நினைத்துச் சிரித்தன, அதற்குப் பின்னால் யார் என்று எட்டிப் பார்த்தன. இருபது மாதம் தாண்டியவற்றில் பெரும்பாலானவை, அது தன் முகம்தான் என்று தெரிந்துகொண்டதைக் காட்டின. கை தன் மூக்குக்குப் போனது. குழந்தைக்குத் தன்னைத் தெரிகிறதா என்று கண்டுபிடிக்க உளவியல் இன்றைக்கும் கையில் எடுப்பது இந்த ஒரு பொட்டு சாயத்தைத்தான். உங்கள் மகள் செய்வது அதன் அடுத்த படி. ‘இது என் உடம்பு’ என்று தெரிந்தவள், ‘அப்படியானால் இதில் நான் ஏதாவது செய்யலாம்’ என்று பார்க்கிறாள்.

சரி, காகிதத்தில் செய்யலாமே? செய்யலாம். ஆனால் காகிதம் அசையாது. பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஒட்டிவைத்து, அந்த மடிப்பில் உதடு வரைந்து, மேலே இரண்டு கண் வைத்துப் பாருங்கள். விரலை ஆட்டினால் அது பேசும். முட்டியில் வரைந்த முகம் காலை மடக்கினால் கன்னம் உப்பும், நீட்டினால் கிழவியாகிவிடும். எந்த டிராயிங் நோட்டு இதைச் செய்யும்? இன்னொன்று, காகிதத்தில் வரைந்ததை யாராவது வாங்கிப் பார்ப்பார்கள். ‘வீடு கோணலாக இருக்கே’ என்பார்கள், சிவப்பு மையில் டிக் போடுவார்கள், போட்டிக்கு அனுப்புவார்கள். கையில் வரைந்ததற்கு மார்க் கிடையாது. சாயந்திரம் குளித்தால் போய்விடும், மறுநாள் புதுத் தாள். நோட்டில் கோடு தாண்டினால் அழுகிற பிள்ளைகள் சிலர் கையில் மட்டும் தாராளமாகக் கிறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பேனா விஷயத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பில் பென்சில்தான். பென்சில் தோலில் சரியாகப் பிடிக்காது. பேனா பெரிய கிளாஸுக்குப் போனால்தான் கிடைக்கும், வீட்டில் அது அக்காவின் சொத்து. கிடைத்த ஐந்து நிமிடத்தில் நோட்டில் எழுதினால் மாட்டிக்கொள்வாள். கை எப்போதும் கூடவே இருக்கிறது.

அப்புறம் அந்த உணர்ச்சி. முடியுள்ள தோலில், முக்கியமாக முன்கையில், மெதுவான வருடலுக்கென்றே தனியாக நரம்பு இழைகள் இருக்கின்றன. வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் ஏதாவது தோலின்மேல் நகர்ந்தால் இவை நன்றாக விழித்துக்கொள்ளும். தாய் பிள்ளையைத் தடவும் வேகம் ஏறத்தாழ அதுதான், பேனா நகரும் வேகமும் அதற்குள்தான் வரும். அதோடு, தன் கையில் தானே வரையும்போது தொடுகிறவளும் தொடப்படுகிறவளும் ஒருத்தியே. பேனாவைப் பிடித்த கை ஒன்று சொல்கிறது, பேனா ஓடும் கை இன்னொன்று சொல்கிறது. ஆனால் மூளை நம் சொந்தத் தொடுதலைக் கொஞ்சம் குறைத்தே காட்டும். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்ட முடியாததும் இதனால்தான். பக்கத்துப் பெஞ்சுக்காரி வரைந்தால் மட்டும் நெளிந்து நெளிந்து சிரிப்பு வரும். கணக்கு பீரியடில் கடைசி பெஞ்சில் திடீரென்று சிரிப்புக் கேட்டால் பாதி நாள் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியம். வலதுகைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு ஓவியம் இடது கையில்தான் இருக்கும். வலது முன்கையில் நேர்த்தியான பூ இருந்தால், அது வேறு யாரோ வரைந்தது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டாவது, படம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. பிள்ளை தன் கையைப் பார்க்கும்போது நேராகத் தெரிந்தால் அது அவளுக்காக வரைந்தது. எதிரே நிற்பவருக்கு நேராகத் தெரிந்தால், யாரோ பார்க்க வேண்டும் என்று வரைந்திருக்கிறாள். (பெரியவர்களின் நெற்றியில் அவர்கள் விரலாலேயே ஓர் எழுத்தை எழுதச் சொல்லி, அது எழுதுபவரின் பக்கம் பார்க்கிறதா, எதிரே இருப்பவரின் பக்கம் பார்க்கிறதா என்று கவனிக்கும் சோதனை உளவியலில் உண்டு. அதன் ஏழை வீட்டுத் தம்பி என் முறை.) இதெல்லாம் நோயைக் கண்டுபிடிக்கிற வழி கிடையாது, பேச்சைத் தொடங்க ஒரு வழி.

வாட்ச் தனிக் கதை. கையைக் கடித்துப் பல் தடத்தை வட்டமாகப் பதித்து ‘வாட்ச்’ என்று காட்டியது உங்களுக்கும் ஓர்மையிருக்கும். இரண்டு வயதுக்கு மேல் ஒன்றை இன்னொன்றாக எண்ணும் திறன் வருகிறது. தென்னை மட்டை பேட் ஆகிறது, சிரட்டை இட்லி ஆகிறது. ஏழு வயதில் அதற்கு ஒரு நுணுக்கம் கூடுகிறது: வாட்ச்சுக்கு முள் வேண்டும், முள்ளுக்கு மணி வேண்டும். எந்த மணியை வைப்பது என்று பிள்ளை முடிவு செய்தாக வேண்டும். நிறையப் பேர் நாலு மணி வைப்பார்கள், பள்ளி விடும் நேரம்.

ஒரு பையன் இடது கையில் இரண்டு வாட்ச் வரைந்துகொண்டு வருவான். எட்டு வயது இருக்கும். பள்ளியில் அதை ஒழுங்கீனம் என்று எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். மணிக்கட்டில் ஒன்று, அதற்கு மேலே நாலு விரல் தள்ளி இன்னொன்று. கீழே உள்ளது ஒன்பது, மேலே உள்ளது ஏழு. ‘மக்களே, ரெண்டு எதுக்குடே?’ என்றேன். ‘இது நம்ம மணி, இது அம்மைக்க மணி’ என்றான். அம்மா குவைத்தில் நர்ஸ். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அரை மணியைக் கழிக்கத் தெரியாமல் இரண்டோடு நிறுத்தியிருந்தான். அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் என்னிடம் அனுப்ப வேண்டும் என்று ஒரு டீச்சர் நினைத்திருக்கிறார். நல்லவேளை, அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

இதைச் சொல்லும்போது என் சொந்தக் கதையும் வருகிறது. ஆறாம் வகுப்பில் என் முன்கை முழுக்க ஒரு கொடி வரைந்திருந்தேன், இலை இலையாக. ஒரு டீச்சர் குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் நாரால் நானே தேய்க்க வேண்டும் என்று நிறுத்தினார். மை போவதற்கு முன்னால் தோல் போனது. எந்தப் பள்ளி என்பது இப்போது வேண்டாம். அதற்கப்புறம் நான் வரைவதை நிறுத்தினேனா? இல்லை, பாவாடைக்குக் கீழே முட்டியில் வரைய ஆரம்பித்தேன். அடி சாதிப்பது இதைத்தான். படம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு இடம் மாறும், நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று எப்போதாவது வந்தாலும் அதுவும் அங்கேயே ஒளிந்துகொள்ளும்.

வகுப்பில் பாடம் நடக்கும்போது வரைகிறாள் என்று டீச்சர் குறை சொன்னால், உடனே ‘கவனமில்லை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற ஆய்வாளர் 2009-ல் நாற்பது பெரியவர்களுக்குச் சலிப்பூட்டும் ஒரு டெலிபோன் செய்தியைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேருக்குத் தாளில் கட்டங்களை நிரப்பும் வேலை கொடுத்தார். கைக்கு வேலை இருந்தவர்கள் 29 சதவீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். அது பெரியவர்களை வைத்து, காகிதத்தில் செய்தது. அப்படியே குழந்தையின் கைக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் கை ஓடுவதால் காது மூடியிருக்கிறது என்று அர்த்தமில்லை.

தோலில் வரைய நம் ஊர்ப் பிள்ளைகள் பேனாவுக்காகக் காத்திருந்ததும் கிடையாது. குலசேகரம், திருவட்டார் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: மழைக்காலத்தில் கல்மதிலில் முளைக்கிற பெரணிகளில் ஒன்றுக்கு இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அதைப் புறங்கையில் வைத்து ஓர் அடி அடித்து எடுத்தால் இலை அப்படியே வெள்ளையாகப் பதிந்திருக்கும், நரம்பு உட்பட. கறுத்த கைக்குத்தான் அது எடுப்பாக இருக்கும். சிவப்பாக இருக்கிற பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே விளையாட்டு அதுதான். ரப்பர் பாலை முன்கையில் தடவி, காய்ந்ததும் தோல் உரிப்பதுபோல் உரிப்போம். முடியும் சேர்ந்து வரும், அந்த வலியும் விளையாட்டில் சேர்த்தி. அம்மச்சிமார் கையில் பச்சை குத்திய கோலம் இருக்கும், அதை விரலால் பின்தொடர்ந்துகொண்டே மடியில் படுத்திருப்போம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. அண்டிக் கொட்டையின், அதாவது முந்திரியின், ஓட்டிலிருந்து வரும் எண்ணெயாலும், வண்ணார் துணிக்குக் குறி போடப் பயன்படுத்திய சேங்கொட்டைச் சாற்றாலும் விளையாட விடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். தோலைப் பொசுக்கிக் கொப்புளம் எழுப்பிவிடும்.

இப்போது மாமியாரின் பயத்துக்கு வருவோம். பேனா மை நிற்பது தோலின் மேற்புறத்தில் உள்ள இறந்த செல்களின் அடுக்கில். அந்த அடுக்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது, மையும் அதோடு போய்விடும். பச்சை குத்துவது வேறு. அதில் ஊசி அதற்கும் கீழே உள்ள உயிருள்ள தோலுக்குள் நிறத்தைக் கொண்டுபோய் வைக்கிறது, அதனால்தான் அம்மச்சியின் கோலம் சாகும்வரை போகவில்லை. சாதாரண பால்பாயிண்ட், தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனா இரண்டும் முழுத் தோலில் பட்டால் பயமில்லை. பெர்மனென்ட் மார்க்கர் வேண்டாம், அதில் உள்ள கரைப்பான்கள் தோலை எரிச்சல்படுத்தும். புண், சொறி, கண்ணோரம், உதடு, இங்கெல்லாம் எந்தப் பேனாவும் வேண்டாம்.

மையைவிட நான் பயப்படுவது திருவிழாக் கடைகளில் கிடைக்கிற கறுப்பு மருதாணிக் கோனுக்கு. மயிலாஞ்சி இலை ஒருநாளும் கறுப்பாகப் பிடிக்காது. ஆரஞ்சில் தொடங்கிச் செம்பழுப்பாகும், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தால் அதில் தலைமுடிச் சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது சில பிள்ளைகளுக்கு வரைந்த வடிவத்திலேயே கொப்புளம் கிளப்பும், அந்த அலர்ஜி ஆயுசுக்கும் கூடவே நிற்கும். கோட்டாறு திருவிழாவானாலும் மண்டைக்காட்டுக் கொடையானாலும், கோன் வாங்கும் முன் நிறத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மையை எடுக்கத் தேங்காயெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துணியால் துடைத்தால் போதும், அப்புறம் சோப்பு. போகாத மிச்சம் நாளைக்குப் போகும். மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர், நார் எதுவும் வேண்டாம்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். வரைகிறாளா என்பதை விட்டுவிட்டு எப்படி, எங்கே, எப்போது என்று பாருங்கள். தோலில் பள்ளம் விழும்படி அழுத்தி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கோடு போடுவது, காம்பஸ் முள், நகம், பின் போன்றவற்றால் கீறுவது, வேர்த்து வழியும் மே மாதத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, ‘நான் அசிங்கம்’, ‘நான் முட்டாள்’ என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது. இவை ஏழு வயதில் அபூர்வம், பன்னிரண்டு பதிமூன்றுக்கு மேல்தான் பொதுவாகத் தொடங்கும். உங்கள் மூத்த மகளுக்கு அந்த வயது என்றால் அவள் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தன்னைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, ‘கீறத் தோன்றும்போது அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போடு, இல்லாவிட்டால் உனக்குப் பிடித்ததை வரை’ என்று சொல்லிக்கொடுப்பது ஆலோசகர்களின் பழைய வழி. ஆகவே வளர்ந்த பிள்ளையின் கையில் சிவப்புக் கோடுகளைப் பார்த்தால், அது காயப்படுத்திக்கொள்ளாமல் தப்பிக்கப் போடும் கோடாகவும் இருக்கலாம். பேனாவைப் பிடுங்கினால் கையில் அடுத்து என்ன வரும் என்று தெரியாது. பக்கத்தில் உட்காருங்கள், ஒரு சாயா போட்டுக் கொடுங்கள், ‘கஷ்டமா இருக்கா பிள்ளே?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ், இலவசம்.

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கே எட்டாத இடத்தில், முதுகிலோ தொடையின் பின்பக்கமோ, வரைந்திருந்தால் யார் வரைந்தது என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். பெரும்பாலும் சித்தப்பா மகள்தான். ஆனால் பதில் தடுமாறினாலோ, ‘சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கு’ என்றாலோ அதை விட்டுவிடக் கூடாது. 1098 குழந்தைகளுக்கான எண்.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள், தடைச் சட்டமாக வேண்டாம். கை, முன்கை, முட்டி வரையலாம். முகம் வேண்டாம், பள்ளி நாளில் வேண்டாம், சனி ஞாயிறு இஷ்டம்போல். தூங்குகிற தம்பியின் முகத்தில் மீசை வரையக் கூடாது, யார் உடம்பில் வரைந்தாலும் கேட்டுவிட்டுத்தான். அவள் உடம்பில் யார் வரைய வந்தாலும் அவளிடம் கேட்க வேண்டும், அவள் வேண்டாமென்றால் வேண்டாம். ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று நாம் மூச்சுவாங்கப் பாடம் நடத்துவதைவிட இந்தப் பேனாச் சட்டம் ஏழு வயதுக்குச் சுலபமாகப் புரியும். மாமியாருக்கும் அது பொருந்தும் என்பதால் திருஷ்டிப் பொட்டு வைக்கும்போது வீட்டில் ஒரு சின்ன சண்டை வரலாம், தயாராக இருங்கள்.

அக்காவின் பேனாவுக்குப் பதில் தண்ணீரில் கழுவக்கூடிய ஸ்கெட்ச் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஆர்வம் தானாகக் குறையும், குறையாவிட்டாலும் பரவாயில்லை. இன்றைக்குக் குளிக்க வைப்பதற்கு முன்னால் மட்டும், அந்த வாட்ச்சில் மணி என்ன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.